தெமெங்கோரா, கென்யிரா? படகு வீட்டில் தங்கித் தூண்டில் போட நல்ல வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிள்ளான்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஆற்றோரங்களிலும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்களிலும் தூண்டில் போட்டு விராலும் கெளுத்தியும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் கட்டணம் கட்டி மீன் பிடிக்கும் குளங்களுக்கு அடிக்கடி போய்வருகிறார். ஆனாலும் மழைக்காட்டுக்கு நடுவே இருக்கும் ஏரியில், படகு வீட்டில் இரண்டு மூன்று இரவுகள் தங்கித் தூண்டில் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உடம்பு இடம்கொடுக்கும்போதே அதை நிறைவேற்றிவிட வேண்டும் என்று நானும் என் மைத்துனரும் முடிவு செய்திருக்கிறோம். பன்னிரண்டு வயதான என் மகளும் தாத்தாவோடு வருவேன் என்று உறுதியாக நிற்கிறாள்.

பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் ஏரி, திரெங்கானுவின் கென்யிர் ஏரி ஆகிய இரண்டையும் பற்றி விசாரித்தோம். பயணம் நடத்துபவர்கள் பலர் அனுப்பும் விளம்பரங்களில் பெரிய பெரிய தோமான் மீன்களைத் தூக்கிப் பிடித்திருக்கும் படங்கள்தாம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு யார் நல்லவர், யார் அல்லர் என்று கண்டுகொள்ள முடியவில்லை. முதியவரையும் சிறுமியையும் அழைத்துச் செல்லும் எங்களுக்கு எந்த ஏரி ஏற்றது, எந்த மாதத்தில் போகலாம், வழிகாட்டியிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொண்டு முன்பணம் கட்ட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும். உணவு பற்றியும் ஒரு கவலை உண்டு: எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை, அப்பா சனிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்பார்.

பேராக்கரை பதில்:

வணக்கம். நீங்கள் கேட்டவற்றுள் மிக முக்கியமானது வழிகாட்டியைப் பற்றிய கேள்விதான் என்பது என் கருத்து. எனவே ஏரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

கிள்ளானிலிருந்து வரும் உங்கள் குடும்பத்துக்குத் தெமெங்கோரையே பரிந்துரைப்பேன். கோலாகங்சார் வரை நெடுஞ்சாலையில் வந்து, அங்கிருந்து லெங்கோங் வழியாகக் கெரிக் நகரை அடைந்தால், பூலாவ் பண்டிங் படகுத்துறைக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் அளவில்தான் பயணம். பேராக் ஆற்றின் குறுக்கே 1970களில் கட்டப்பட்ட தெமெங்கோர் அணையால் உருவான இந்த ஏரி, தீபகற்ப மலேசியாவில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி. ஏறத்தாழ 15,200 ஹெக்டர் பரப்புடையது. கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை இதன் மேலாகவே பாலங்களில் கடந்து போகிறது. சாலைக்கு வடக்கே உள்ள பகுதி 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும். அதன் பரப்பு 117,500 ஹெக்டர். தெற்கே உள்ளது தெமெங்கோர் வனப் பகுதி. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளுங்கள். வடக்கே செல்வதற்குப் பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் நுழைவு அனுமதி ஒவ்வொருவருக்கும் தேவை. அதற்காக எல்லாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்கூட்டியே அனுப்பப்பட வேண்டும். பயணம் நடத்துபவர் உங்களிடம் அந்த விவரங்களைக் கேட்காமலேயே "பெலும் உள்ளே அழைத்துப் போகிறேன்" என்று சொன்னால், அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

இனி வழிகாட்டியைப் பற்றி. விளம்பரப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மீன் இருக்கும் இடம் தெரியாத படகோட்டி பண்டிங்கில் அநேகமாக இல்லை. தொலைபேசியில் பேசும்போது அவர் எவற்றையெல்லாம் செய்ய மறுக்கிறார் என்று கேட்டறிந்தால், அவரைப் பற்றி வேறு எதையும் விசாரிக்க வேண்டியதில்லை என்று நான் நம்புகிறேன்.

முதலாவதாக, தோமான் குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் வீச அனுமதிப்பாரா என்று கேளுங்கள். தோமான் நம் விராலின் இனத்தைச் சேர்ந்தது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நீரில் கரைந்த காற்று மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு, செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக நீர்மட்டத்துக்கு வந்து போகும்; அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் நீர் கொப்பளிக்கும். தாயும் தந்தையும் அடியிலேயே காவல் நிற்கும். அந்தத் திரளுக்கு நடுவே ஒரு போலித் தவளையை வீசினால், குஞ்சுகளைக் காக்கும் வெறியில் பெற்ற மீன் பாய்ந்து கவ்வும். இது பெரிய மீன் பிடிக்க மிக எளிய வழி. ஆனால் காவல் போன சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்னத் தொடங்கிவிடும். நீங்கள் பெற்ற மீனைப் படம் எடுத்துவிட்டு உயிரோடு விட்டாலும், அது திரும்பிப் போவதற்குள் கூட்டம் கலைந்துபோயிருக்கும். மனச்சான்றுள்ள வழிகாட்டிகள் அந்தக் கொப்பளிப்பைக் கண்டதும் படகை விலக்கிக்கொண்டு போவார்கள். சற்றுத் தள்ளி நிறுத்தி உங்கள் மகளுக்குக் காட்டுவார்கள். மற்றவர்கள் அதைத் தேடியே உங்களை அழைத்துப் போவார்கள். ஒரு ஏரியில் தோமான் குறைவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இரண்டாவதாக, கெலா மீனைப் பற்றிக் கேளுங்கள். இந்தியாவில் மகசீர் என்று சொல்லும் இனத்தின் உறவு இது. ஓடும் தெளிந்த நீரும் கற்பாங்கான ஆற்றுப்படுகையும் இல்லாமல் இனப்பெருக்கம் செய்யாது. ஆதலால் அணை கட்டி ஏரி எழுந்தபோது மேல்நோக்கி ஒதுங்கி, ஏரியில் வந்து சேரும் சிற்றாறுகளின் மேற்பகுதியில் வாழ்கிறது. மெதுவாக வளரும், கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்களைத் தின்னும். செம்பனைப் பழத்தை முள்ளில் கோத்து இதைப் பிடிப்பவர்களும் உண்டு. உணவகங்களில் இதற்குக் கிடைக்கும் விலையின் காரணமாக, வலை போட்டும் மருந்து கலக்கியும் இதை அழித்த ஆறுகள் நாட்டில் பல. "கெலா வேண்டுமானால் ஏற்பாடு செய்யலாம், யாரும் பார்க்க மாட்டார்கள்" என்ற தொனியில் யாராவது பேசினால், அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பிற்பகலில் வானம் கறுத்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். இங்கே இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு, மலைக்குப் பின்னாலிருந்து திடீரென்று வரும். இப்போதைய தூண்டில் கோல்கள் கார்பன் இழையால் ஆனவை, மின்னலைக் கடத்தக்கூடியவை. திறந்த நீர்ப்பரப்பில் அலுமினியப் படகில் அமர்ந்து கோலை உயர்த்திக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவதாகும். நல்ல வழிகாட்டி முதல் உறுமல் கேட்டதும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும், கோல்களைக் கீழே வைக்கச் சொல்லிப் படகு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்று தயங்குபவர் உங்களுக்கு வேண்டாம்.

படகு வீட்டில் நாள் எப்படிப் போகும் என்று உங்கள் தந்தையாருக்கு இப்போதே சொல்லிவைப்பது நல்லது. படகு வீடு ஏதாவது ஒரு குடாவில் ஒதுங்கிக் கட்டப்பட்டிருக்கும். மீன் பிடிக்கப் போவது அதனுடன் இழுத்துவரப்படும் சிறு படகுகளில்தான். ஒரு சிறு படகில் ஒரு படகோட்டியும் இரண்டு தூண்டில்காரர்களும் போவதே வசதி. மூன்றாமவர் ஏறினால் வீசும்போது முள் ஒருவர் மேல் பட வாய்ப்புண்டு. காலை ஏழு மணியிலிருந்து பத்தரை வரையிலும், மாலை நான்கரையிலிருந்து இருட்டும் வரையிலும் வீசுவார்கள். நடுப்பகல் முழுதும் ஓய்வு. நீரில் மூழ்கிய காட்டின் பட்டுப்போன மரங்கள் இன்னும் நெடுகிலும் நிற்கின்றன. செபராவ் என்னும் மீன் அவற்றைச் சுற்றியும் ஆற்று முகங்களிலும் கூட்டமாக இரை தேடும். உடலின் குறுக்கே ஒரு கரும்பட்டை, சிவந்த வால், சுண்டியிழுக்கும் வேகம்: சிறு கரண்டி போன்ற உலோக இரையை வீசி இழுத்தால் பாய்ந்து வரும். உங்கள் மகள் முதலில் பழக வேண்டியது இந்த மீனிடம்தான். தோமானுக்கு வலிமையான கோலும், பற்களுக்குத் தாங்கும் தடித்த முன்னிழையும் வேண்டும். எந்த இரையானாலும் அதன் முள்ளில் உள்ள எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கிவிடுங்கள். மீனிலிருந்து எளிதில் கழலும், தவறி மனிதர் கையில் ஏறினாலும் எளிதில் கழலும்.

உங்கள் தந்தையார் இரவில்தான் மிகுந்த மகிழ்ச்சி அடைவார் என்று நினைக்கிறேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் படகு வீட்டின் ஓரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, மண்புழுவோ கோழிக் குடலோ கோத்து அடியில் இறக்கிவிட்டால் பாவுங் கடிக்கும். கெளுத்தி வகையைச் சேர்ந்த அந்த மீன் நிறையவே இருக்கிறது. அளவானவற்றை நாலைந்து எடுத்துக்கொண்டால் சமையல்காரர் மறுநாள் அசாம் பெடாஸ் என்னும் புளிக் குழம்பு வைத்துத் தருவார். கால்வாயில் அமர்ந்து பழகியவருக்கு இது நன்கு தெரிந்த வேலை.

மாதத்தைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கடும் மழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். எனவே தீபாவளி விடுமுறையை இதற்கென ஒதுக்க வேண்டாம். மேற்பகுதியில் கனமழை பெய்தால் ஆற்று முகமெல்லாம் தே தாரேக் என்னும் பால் தேநீரின் நிறத்தில் கலங்கிவிடும். மீன் இரையைக் காணாது. பிப்ரவரி முதல் ஜூன் வரை பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சென்றால், அந்திவேளையில் இருவாய்ச்சிப் பறவைகள் பெருங்கூட்டமாக ஏரியைக் கடந்து செல்வதைக் காணலாம். மலேசியாவின் பத்து வகை இருவாய்ச்சிகளும் வாழும் காடு இது. அந்தக் காட்சிக்காகவே இடையில் ஒரு மழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன்.

உணவு பற்றி: சமையல்காரர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், ஹலால் சமையலறை. முன்பதிவின்போதே மாட்டிறைச்சி வேண்டாம் என்பதையும், சனிக்கிழமை ஒருவருக்கு மரக்கறி வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால் மனமுவந்து செய்து தருவார்கள். மரக்கறி என்று மட்டும் சொல்லாமல், நெத்திலியும் பெலாச்சான் என்னும் இறால் பசையும் இறால் தூளும்கூடக் கூடாது என்று விளக்கிச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கீரைப் பிரட்டலில் அவை வந்துவிடும்.

உலுதிரெங்கானு பதில்:

பேராக்கரை அண்ணன் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கென்யிரின் சார்பாகச் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். 1985-இல் அணை நிறைவுற்றபோது உருவான இந்த ஏரியில் 340 தீவுகள் இருப்பதாகக் கணக்கு. அவையெல்லாம் முன்பு மலையுச்சிகளாக இருந்தவை. நீர்ப்பரப்பு தெமெங்கோரைவிட மிகப் பெரியது. பெங்காலான் காவி படகுத்துறையிலிருந்து புறப்பட்டால், நீர்வீழ்ச்சிகள், பெவா குகை, தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் எல்லை என்று மீன் பிடிக்காத நேரத்திலும் பார்ப்பதற்கு நிறைய உண்டு. உங்கள் மகளுக்காகப் பார்த்தால் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சுங்கை பெத்தாங் கெலா சரணாலயத்தில் தூண்டில் போட முடியாது. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கெலா மீன்கள் கூட்டமாக வந்து கையிலிருக்கும் தீனியை வாங்கித் தின்னும். கெலாவைப் பிடிக்காமலேயே அதன் அருகில் நிற்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கிள்ளானிலிருந்து தொலைவு அதிகம் என்பதும், வடகிழக்குப் பருவமழை எங்கள் பக்கம் இன்னும் கடுமையானது என்பதும் உண்மை. நவம்பரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நான் யாரையும் வரச் சொல்வதில்லை. மற்ற மாதங்களில் வருவதாக இருந்தால், படகு வீட்டை முழுவதுமாக உங்கள் குழுவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது குடும்பங்கள் வரும் வாரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். தூண்டில்காரர்கள் குழு என்றால் ஆண்கள் மட்டும், பொதுக்கூடத்தில் வரிசையாகப் படுக்கை, கதவு சரியாகப் பூட்டாத குளியலறை என்றுதான் பல படகுகளில் இருக்கும். சிறுமிக்குத் தனி அறையும் பூட்டுள்ள குளியலறையும் உண்டா என்பதைப் படத்துடன் கேட்டு வாங்குங்கள். இதைத் தெமெங்கோருக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வியையும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தொட்டியில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவரும் படகுகளும் உண்டு, அப்படியே ஏரியில் விடும் படகுகளும் உண்டு. வாடிக்கையாளர்கள் கேட்கக் கேட்கத்தான் தொட்டி வைப்பவர்களின் எண்ணிக்கை கூடும்.

மருந்தகத்தார் பதில்:

நான் அரசு மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மீன் பிடிப்பதைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். எழுபது வயதை நெருங்கும் ஒருவர் தொலைபேசி அலைவரிசை எட்டாத காட்டில் மூன்று நாள் இருக்கப் போகிறார் என்பதால் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்கிறேன்.

தந்தையார் இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ வார்ஃபரினோ உட்கொள்கிறாரா என்று பாருங்கள். மழைக்காட்டில் அட்டை கடிக்கும். அது தானாகவே ஆபத்தானதன்று. ஆனால் அட்டையின் உமிழ்நீரும் இரத்தம் உறைவதைத் தடுப்பது. இந்த மருந்துகளையும் எடுத்துக்கொள்பவருக்குக் கசிவு நெடுநேரம் நிற்காமல் இருக்கும். சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் தெரியாமல் இருந்தால் குடும்பமே பதறிவிடும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவராக இருந்தால், பகலில் மின்னாக்கி நிறுத்தப்படும் நேரத்தில் அதைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள என்ன வழி என்று முன்கூட்டியே கேளுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தாலும் பனிக்கட்டியை நேராகத் தொடும்படி வைக்கக் கூடாது. மின்னாக்கியைப் பற்றி இன்னொன்று: அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. அது படகின் பின்புறம் திறந்தவெளியில் இருக்க வேண்டும். புகை அறைகளின் பக்கம் திரும்பக் கூடாது. உறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடைத்தால் முன்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எலிக்காய்ச்சல் கிருமி ஆற்று நீரிலும் ஈர மண்ணிலும் இருக்கக்கூடியது. தோலில் உள்ள சிறு காயங்களின் வழியே உட்புகும். தூண்டில் முள்ளும் மீன் முள்ளும் கையைக் கிழிப்பது வழக்கம் என்பதால், காயங்களை உடனே சோப்புப் போட்டுக் கழுவி நீர் புகாத கட்டுப் போடுங்கள். பாவுங்கின் துடுப்பு முள் குத்தினால் கடுமையாக வலிக்கும். தாங்கக்கூடிய வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி தணியும்.

மலேரியாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசுவால் பரவும் வகைகள் 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் பதிவாகவில்லை. ஆனால் குரங்குகளிடமிருந்து மனிதருக்கு வரும் நோலெசி வகை காட்டோரங்களில் தொடர்ந்து இருக்கிறது. அந்தக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால், சில நாள்களிலேயே நோய் முற்றிவிடக்கூடும். அந்தி மங்கியதும் முழுக்கைச் சட்டை போடுங்கள், கொசு விரட்டி பூசுங்கள். வீடு திரும்பிய மூன்று நான்கு வாரங்களுக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், கிளினிக்கில் முதல் வார்த்தையாகவே "காட்டுக்குப் போய் வந்தோம், ஏரி நீரில் இறங்கினோம்" என்று சொல்லுங்கள். வெறும் டிங்கிக் காய்ச்சல் என்று கருதி இரத்தப் பரிசோதனை தாமதமானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படகில் இருந்து கெரிக் மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் வர முடியும், இரவில் அவசரம் என்றால் கரையுடன் எப்படித் தொடர்புகொள்வார்கள் என்ற இரண்டுக்கும் வழிகாட்டி தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். மிதவைச் சட்டை சிறுமியின் அளவுக்குத் தனியாக வேண்டும்; பெரியவர்களுடையது நீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்றுவிடும்.

கிள்ளான்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தெமெங்கோர் என்றே முடிவு செய்திருக்கிறோம். பள்ளி விடுமுறையைப் பார்த்து மாதத்தை முடிவு செய்வோம். இருவாய்ச்சிகள் என்றதும் மகளும் ஆவலாகிவிட்டாள்.

ஒன்றை மட்டும் இன்னும் கேட்க வேண்டும். குஞ்சுக் கூட்டத்தைப் பற்றிப் பேராக்கரை எழுதியதைக் கேட்டதும் அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தோட்டத்தில் அந்தக் காலத்தில் எல்லாரும் விராலை அப்படித்தான் பிடித்தார்கள், வீட்டில் ஐந்து பிள்ளைகள் இருந்த காலத்தில் அது தவறென்று யாரும் நினைக்கவில்லை என்றார். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதும் அவருக்கு ஒப்பவில்லை. உண்பதற்காக அல்லாமல் ஒரு உயிரை வருத்துவது எப்படி நியாயம் என்று கேட்கிறார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

பேராக்கரை பதில்:

தந்தையாரின் கேள்வி மதிப்புக்குரியது. அவருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். பசிக்காகப் பிடித்தவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். கால்வாய்களில் ஒரு விரால் சோடி போனால், அடுத்த வெள்ளத்தில் வயல்களிலிருந்தும் சதுப்புகளிலிருந்தும் வேறு சோடிகள் வந்து சேரும். பிடித்தவர்களும் அக்கம்பக்கத்தார் மட்டுமே. தெமெங்கோர் அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு வார இறுதியிலும் பல ஊர்களிலிருந்து படகு நிறைய ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் எல்லாரும் தேடுவது அதே பெரிய தோமானைத்தான். குஞ்சைக் காத்து நிற்பது முட்டையிடக்கூடிய வளர்ந்த மீன். அதை எடுத்துவிட்டால், அதன் அளவுக்கு இன்னொன்று வளர்ந்து வரப் பல ஆண்டுகள் ஆகும்.

உண்ணாமல் வருத்துவது நியாயமா என்பதில் நான் அவர் பக்கம் பாதியளவு நிற்கிறேன். ஒரே நாளில் முப்பது நாற்பது செபராவைப் பிடித்துப் பிடித்து விடுவதை நானும் விரும்புவதில்லை. அவற்றில் சில, விட்ட பிறகும் பிழைப்பதில்லை. ஆகவே எங்கள் குழுவில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். அன்றைய சாப்பாட்டுக்கு வேண்டிய அளவு பாவுங்கும் லாம்பாம் என்னும் மீனும் எடுத்துக்கொள்வோம். அவை விரைவில் பெருகுபவை. தோமானில் பெரியவற்றையும் கெலாவையும் எடுப்பதில்லை. போதுமான அளவு வீசியாகிவிட்டது என்று தோன்றினால் கோலை வைத்துவிட்டு, கரையோரமாகப் படகைச் செலுத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். தந்தையார் பாவுங்கை மட்டும் பிடித்து, பிடித்ததைச் சமைத்து உண்டு மகிழ்வது இந்த ஏரிக்கு எந்த வகையிலும் கேடில்லை. அதையே அவருடைய பயணமாக வைத்துக்கொள்ளலாம். விட வேண்டிய மீன் மாட்டினால், கையை நனைத்துக்கொண்டு, நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றச் சொல்லிக் கொடுங்கள். உலர்ந்த கையும் சூடான படகுத் தளமும் மீனின் மேல் உள்ள வழுவழுப்பை உரித்துவிடும்; அதன் பிறகு பூஞ்சை பிடித்துச் சாகக்கூடும். வீட்டுக்கு மீன் கொண்டுபோக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால், திரும்பும் வழியில் லெங்கோங்கிலோ கெரிக்கிலோ பெக்காசாம் வாங்கிச் செல்லலாம். புளிக்கவைத்த அந்த ஆற்று மீன் இந்தப் பக்கத்துச் சிறப்பு.

வழிகாட்டிகளைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போன ஒன்றும் இருக்கிறது. இந்தக் காட்டை மற்றவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் ஜஹாய், தெமியார் பழங்குடியினர். அவர்களைப் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் முறையான சம்பளத்துக்கு அமர்த்தும் நடத்துநர்கள் இருக்கிறார்கள். விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அவர்களிடம் போகுமாறு வேண்டுகிறேன். எந்தச் சிற்றாறு எப்போது கலங்கும், எந்தக் கரையில் யானை இறங்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய கிராமத்துக்கு அழைத்துப் போவதாக நடத்துநர் சொன்னால், கிராமத்தாரிடம் முன்பே கேட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று மகளுக்கும் சொல்லிவையுங்கள். கரையில் இறங்கிக் காட்டுக்குள் நடப்பதாக இருந்தால், சுற்றுலா அமைச்சின் பச்சை அட்டை பெற்ற இயற்கைச் சுற்றுலா வழிகாட்டி உடன் வருகிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சாலை. கெரிக்கிலிருந்து ஜெலி வரை செல்லும் அந்த நெடுஞ்சாலையில் இரவில் வண்டி ஓட்டாதீர்கள். விளக்கில்லாத வளைவுகள் பல, யானைகள் கடக்கும். 2025 மே மாதத்தில் லாரி மோதி இறந்த குட்டியை விட்டு அகலாமல் தாய் யானை நின்றது இந்தச் சாலையில்தான். அடுத்த மாதமே, நள்ளிரவுக்குப் பின் பேருந்து கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்ததும் பண்டிங்குக்கு அருகில்தான். முந்தைய நாள் மாலைக்குள் கெரிக் வந்து தங்கிவிட்டு, காலைப் பசியாறலை முடித்துக்கொண்டு வெளிச்சத்தில் புறப்படுங்கள். படகுகள் பெரும்பாலும் பத்து மணியளவில்தான் கிளம்பும், அவசரப்பட வேண்டியதில்லை. கெரிக்கிலேயே வண்டிக்கு எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். மாதம் முடிவானதும் இங்கே எழுதுங்கள். அப்போது நீர்மட்டம் எப்படி இருக்கிறது என்று பண்டிங்கில் உள்ள நண்பர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.